1978 மாசி மகத்தில் காணாமல் போன என் அண்ணன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் இதைக் கேட்டுவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில் கேட்கிறார்கள். ஒருமுறை பல் மருத்துவர், நான் வாயைத் திறந்து வைத்திருந்த நேரம் பார்த்துக் கேட்டார். ஆளுக்கொரு விதமாகச் சொல்லி, சொன்னது திரிந்து என் காதுக்கே வேறு கதையாகத் திரும்பி வந்ததும் உண்டு. அதனால் எழுதிவிட்டேன். இனி யாரும் அம்மாவிடம் கேட்க வேண்டாம்.

என்னதான் நடந்தது?

1978-ஆம் ஆண்டு மாசி மகம், தேவனாம்பட்டினம் கடற்கரை. சுற்றுவட்டாரத்து உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் நாள் அது. அண்ணனுக்கு அப்போது நாலரை வயது. அப்பா முழுக்குப் போடக் கடலுக்குள் இறங்கியபோது, துண்டோடு மணலில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் காட்டி, "அம்மாவிடம் ஓடு" என்று அவனைத் திருப்பி விட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் இருபது அடி தூரம் இருந்திருக்கும். பையன் அப்பாவிடம் இருக்கிறான் என்று அம்மா நினைத்தார். அம்மாவிடம் போய்விட்டான் என்று அப்பா நினைத்தார். தலை துவட்டும்போதுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் தெரிந்தவர் யாரும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நான் அதற்கு அடுத்த ஆண்டு பிறந்தவள். இங்கே எழுதியிருப்பதெல்லாம் வீட்டில் கேட்டதும் காகிதத்தில் படித்ததும்தான். அண்ணன் இருந்தால் இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார். ஆனால் நாலரை வயதுக்காரனை "அவர்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அலை அடித்துக்கொண்டு போயிருக்கும். அதை ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்?

ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று நான் சொன்னதே இல்லை. நடந்திருக்கக்கூடியவற்றில் அதற்குத்தான் முதலிடம் என்று நானும் நினைக்கிறேன். ஆயிரக்கணக்கானவர்கள் முழுகும் அலையில் மூன்றடிப் பையன் சத்தமில்லாமல் போவதற்கு ஒரு நிமிடம் போதும்.

ஆனால் அன்று தேடியவர்கள் எங்கே தேடினார்கள் என்பதுதான் என் கேள்வி. "கடல் மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்துவிடும்" என்று மீனவர்கள் சொல்ல, அப்பாவும் சித்தப்பாவும் மூன்று நாள் கரையில் நடந்தார்கள். நடந்தது தெற்கே: துறைமுகம், முதுநகர், அதற்கும் அப்பால். மழைக்காலத்தில் ஒரு தோணி உடைந்து பலகைகள் தெற்கேதான் ஒதுங்கின என்று யாரோ சொன்னது காரணம். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கிப் போவது உண்மை. மாசியில் அது திரும்பிவிடும். பிப்ரவரியிலிருந்து வடக்கு நோக்கி ஓடும். இது எனக்குத் தெரிய வந்தது நாற்பது வயதில், கடலியல் படித்த ஒருவர் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததால்.

வடக்கே போனால் என்ன? கொஞ்ச தூரத்திலேயே புதுச்சேரி எல்லை. அது வேறு அரசு, வேறு போலீஸ். அதையும் தாண்டினால் கோட்டக்குப்பம், மறுபடியும் தமிழ்நாடு. பிறகு மரக்காணம். கரை ஒன்றுதான், பதிவேடுகள் மூன்று இடத்தில். அந்த வாரம் புதுச்சேரிக் கரையில் பெயர் தெரியாத குழந்தையின் உடல் ஒதுங்கியிருந்தால், அங்கே சந்தேக மரணம் என்று பதிந்து, யாரும் வராததால் அடக்கம் செய்திருப்பார்கள். கடலூரில் ஒரு தகப்பன் தேடுகிறான் என்பது அங்கிருந்தவருக்குத் தெரிய வழியில்லை. 22 கிலோமீட்டர்தான். அப்பா அங்கே போய் விசாரித்தது நான்கு மாதம் கழித்து.

போலீஸில் உடனே புகார் கொடுத்தீர்களா?

கொடுக்கப் போனார்கள். முதலில் போன நிலையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கிருந்த யாரும் இப்போது பணியில் இல்லை. "திருவிழாக் கூட்டம், யார் வீட்டிலாவது இருப்பான், சாயங்காலம் பாருங்கள்" என்றார்கள். மறுநாள் "எல்லை எங்களுடையதா என்று பார்க்க வேண்டும்" என்றார்கள். மூன்றாம் நாள்தான் எழுதி வாங்கினார்கள். புகார்தாரருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 1974-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்லியிருந்ததால் ஒரு கார்பன் பிரதி எங்கள் கைக்கு வந்தது. அப்பாவின் இரும்புப் பெட்டியில் எல்.ஐ.சி. பத்திரங்களோடு இருக்கிறது.

அதைப் பள்ளி நாட்களிலிருந்து பலமுறை படித்திருக்கிறேன். நீலக் கார்பன் மை மடிப்புகளில் தேய்ந்து, உயரம் எழுதிய இடத்தில் இப்போது ஓட்டைதான் இருக்கிறது. அங்க அடையாளம்: இடது புருவத்தின் மேல் வெட்டுத் தழும்பு, வலது புஜத்தில் அம்மை குத்திய தழும்பு. உடை: வெள்ளைச் சட்டை, காக்கிக் கால்சட்டை.

அவன் அன்று வெள்ளைச் சட்டை போட்டிருக்கவில்லை. பொங்கலுக்குத் தைத்த பச்சைக் கட்டம் போட்ட சட்டை. அம்மாவுக்கு இதில் துளியும் சந்தேகம் இல்லை. தைத்து மிஞ்சிய துணியில் ஒரு தலையணை உறை தைத்திருந்தார். அதில்தான் நான் படுத்து வளர்ந்தேன். அப்பா சொன்னாரா, எழுதிய ஏட்டு பழக்கத்தில் எழுதிவிட்டாரா, இனித் தெரியப்போவதில்லை. அம்மாவை ஸ்டேஷனுக்குள் கூப்பிட்டுக் கேட்கவில்லை, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். தினசரியில் வந்த "காணவில்லை" அறிவிப்பு, சுவரில் ஒட்டிய நோட்டீஸ் எல்லாமே அந்தப் பிரதியைப் பார்த்து எழுதியவை. ஊர் முழுக்க வெள்ளைச் சட்டைப் பையனைத் தேடியது.

என்னைக் கேட்டால், எங்கள் வீட்டுக் கதையில் கடலைவிட, பிள்ளை பிடிப்பவனைவிட, இந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடாதது.

கேஸ் இன்னும் நடக்கிறதா?

இல்லை. "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று முடித்துவிட்டதாக எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தாள் வந்தது. அப்படி முடித்த வழக்கைப் புதிய தகவல் கிடைத்தால் மேல்விசாரணைக்கு எடுக்கலாம். காலாவதி என்று சொல்லித் தட்டிக் கழிக்கவும் முடியாது: மூன்றாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் அந்தக் கால வரம்பு. பிள்ளையைக் கடத்துவதற்கு ஏழாண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் புதிய தகவல் என்று கொண்டுபோய் வைக்க எங்களிடம் இருப்பது ஒரு தலையணை உறை.

பிள்ளை பிடிப்பவர்கள் கொண்டுபோயிருப்பார்கள் என்கிறார்களே?

சொல்கிறார்கள். பாலம் கட்டப் பலி கொடுத்தார்கள், கண்ணைக் குருடாக்கிப் பிச்சை எடுக்க வைத்தார்கள், சர்க்கஸ்காரன் தூக்கிப்போனான் என்று எல்லாம் என் அம்மாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள்தான் சொன்னார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

குழந்தைக் கடத்தல் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் "பிள்ளை பிடிப்பவன் வந்திருக்கிறான்" என்று வாட்ஸ்அப்பில் வரும் எதையும் எனக்கு அனுப்பாதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்மணியை, அப்படிப்பட்ட வதந்தியை நம்பிய கும்பல் அடித்தே கொன்றது. செய்தியைப் படித்துவிட்டு அம்மா நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. வழி தவறி நிற்கும் ஒரு பிள்ளையிடம் நெருங்கிப் பேசக்கூட இனி ஆட்கள் பயப்படுவார்களே என்றார்.

ரயில் ஏறிப் போயிருந்தால்? நாலரை வயதுப் பிள்ளைக்கு ஊர் பெயர் சொல்லத் தெரியாதா?

இந்தக் கேள்விக்காகவே இதை எழுதத் தொடங்கினேன் என்று சொல்லலாம்.

1986-இல் மத்தியப் பிரதேசத்தில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் புர்ஹான்பூரில் நின்ற ரயிலில் ஏறித் தூங்கிப்போனான். கண்விழித்துப் போய்ச் சேர்ந்தது கல்கத்தா. ஆஸ்திரேலியக் குடும்பம் ஒன்று தத்தெடுத்து வளர்த்தது. சாரூ பிரையர்லி என்று உலகமே அறிந்தவர். கூகுள் எர்த்தில் தண்டவாளங்களைப் பின்தொடர்ந்து தேடி 2012-இல் கண்ட்வாவில் தாயைப் பார்த்தார். அவர் கதையில் எல்லோரும் செயற்கைக்கோள் படத்தைப் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. குழந்தையாக இருந்தபோது கல்கத்தாவில் விசாரித்தவர்களிடம் அவர் தன் பேட்டையின் பெயரைச் சொல்லியிருக்கிறார். "கணேஷ் தலாய்" என்பது அந்தப் பிள்ளை வாயில் "கினெஸ்ட்லே" என்று வந்தது. அப்படி ஓர் ஊர் எந்தப் படத்திலும் இல்லை. அவருடைய சொந்தப் பெயரே "ஷேரு". "சாரூ" என்று சொல்லி, அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

இப்போது எங்கள் ஊருக்கு வாருங்கள். நாங்கள் இருப்பது திருப்பாதிரிப்புலியூர். பெரியவர்களே அதை முழுதாகச் சொல்வதில்லை, "திருப்பாப்புலியூர்" என்போம். அண்ணனுக்கு ரகரம் வராது, "பாப்புலியூ" என்பானாம். வீடு எங்கே என்று கேட்டால் "பாப்புலியூ, தாத்தா கடை" என்று சொல்லப் பழக்கியிருந்தார் அம்மா. தொலைந்தால் சொல்வதற்கென்றே பழக்கியது. ஸ்டேஷனிலிருந்து மீட்டர் கேஜ் ரயிலில் ஏறினால் விழுப்புரம். அங்கிருந்து வண்டி மாறினால் எழும்பூரோ காட்பாடியோ. தெலுங்கோ கன்னடமோ பேசும் ஓர் அதிகாரியிடம் "பாப்புலியூ" என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டே சொன்னால், அவர் அதை எந்த மாவட்டத்தில் போய்த் தேடுவார்? ரயில் நிலையப் பலகையில் ஆங்கிலத்தில் இருப்பதைப் படித்தாலும் அந்த ஒலி வராது.

நான் காப்பகங்களுக்கு எழுதும் கடிதங்களில் பெயரைப் பெரிதாகக் கேட்பதில்லை. "பாப்புலி, பாப்பிலி, பப்புளி என்ற மாதிரி ஏதாவது ஊர்ப்பெயர் 1978 சேர்க்கைப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறதா?" என்று கேட்கிறேன். சிரிப்பார்கள் என்று தெரியும். ஒருவர் சிரிக்காமல் இரண்டு பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு "இல்லை அம்மா" என்று பதில் எழுதினார். அந்தக் கடிதத்தையும் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டுக்குத் தத்து கொடுத்திருப்பார்களா?

வாய்ப்பு உண்டு. வெளிநாட்டுத் தத்துக்கு உச்ச நீதிமன்றம் முறையான விதிகளை வகுத்தது 1984-இல், லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில். அதைக் கண்காணிக்க மத்திய அமைப்பு ஏற்பட்டது 1990-இல். அதற்கு முன் போன குழந்தைகளுக்குக் காகிதம் இருந்தால் அதிர்ஷ்டம். விதிகள் வந்த பின்பும் ஒழுங்காக நடந்ததாகச் சொல்ல முடியாது: தொண்ணூறுகளில் சென்னையில் திருடப்பட்ட குழந்தைகள் ஒரு தத்து நிறுவனத்தின் வழியாக வெளிநாடு போனது 2005-இல் வெளியே வந்தது.

டி.என்.ஏ. சோதனை செய்தால் தெரிந்துவிடுமே?

எதனோடு ஒப்பிடுவது? காணாமல் போனவர்களுக்கும் அடையாளம் தெரியாத உடல்களுக்கும் நாடு தழுவிய டி.என்.ஏ. தொகுப்பு அமைப்பதற்கான மசோதா 2019-இல் மக்களவைக்கு வந்தது. 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. அடக்கம் செய்த இடம் தெரிந்தால் எலும்பிலிருந்து எடுக்கலாம். இடம்தான் தெரியாதே.

ஆனால் ஒன்று செய்திருக்கிறோம். வெளிநாடுகளில் வளர்ந்த தத்துப் பிள்ளைகள் பலர், வம்சாவளி பார்க்கும் தனியார் நிறுவனங்களில் எச்சில் கொடுத்துப் பதிந்து வைக்கிறார்கள். அம்மாவின் மாதிரியை அப்படி ஒன்றில் சேர்த்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குறை இருந்தால் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கும்போதே செய்யுங்கள். தாய், பிள்ளை உறவை உறுதிப்படுத்துவது போல உடன்பிறந்தார் உறவை அவ்வளவு திட்டமாகச் சொல்ல முடியாது. அப்பா 1999-இல் போய்விட்டார்; அவருடையது எங்களிடம் இல்லை. குழாயில் துப்பச் சொன்னபோது அம்மா, "இவ்வளவு எச்சில் எனக்கு ஊறாது" என்று அரை மணி நேரம் புளியங்காயை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குறி, மை போட்டுப் பார்ப்பது எல்லாம் செய்தீர்களா?

எல்லாம் செய்தாகிவிட்டது. வெற்றிலையில் மை தடவிப் பார்த்தவர் "தண்ணீர் பக்கத்தில் இருக்கிறான்" என்றார். கடலூரில் எந்த வீடு தண்ணீர் பக்கத்தில் இல்லை?

"நான்தான் உங்கள் மகன்" என்று யாராவது வந்தார்களா?

இரண்டு பேர். முதலாமவர் பணத்துக்காக வந்தவர், அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. இரண்டாமவர் சுனாமிக்குப் பிறகு வந்தார். உண்மையிலேயே தன் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தவர். வலது புஜத்தில் அம்மை குத்திய தழும்பும் இருந்தது. ஆனால் நாட்டில் பெரியம்மை 1975-இல்தான் ஒழிந்தது. அதற்கு முன் பிறந்த அத்தனை பேர் கையிலும் அந்தத் தழும்பு இருக்கும். அதை அடையாளமாக எழுதியது காக்கிக் கால்சட்டையை அடையாளமாக எழுதியது போலத்தான்.

அம்மா அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவருக்குப் பதில் தெரியவில்லை. "தெரியவில்லை அம்மா" என்று நேர்மையாகச் சொன்னார். அம்மா சோறு போட்டு அனுப்பினார். இன்றும் தீபாவளிக்கு அவர் பேசுவார்.

அந்தக் கேள்வி என்ன என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். தேடுகிற குடும்பங்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: எல்லா அடையாளத்தையும் நோட்டீஸில் அச்சடித்துவிடாதீர்கள், ஒன்றை உள்ளேயே வைத்திருங்கள்.

இறந்துவிட்டதாக அறிவித்து வாங்கினீர்களா? சொத்து, வாரிசு எல்லாம் எப்படி?

ஏழாண்டுகளாக ஒருவரைப் பற்றித் தகவலே இல்லை என்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு சொன்னது. புதிய சட்டத்தில் அது 111. அதை வைத்து உரிமையியல் நீதிமன்றத்தில் அறிவிப்பு வாங்கலாம். ஆனால் இறந்தார் என்றுதான் அனுமானிக்கலாம், என்று இறந்தார் என்பதை அனுமானிக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2004-இல் ஓர் எல்.ஐ.சி. வழக்கில் இதைத் தெளிவாக்கியது. தேதி வேண்டுமென்றால் நிரூபிக்க வேண்டும். சுனாமியில் காணாமல் போனவர்களுக்கு மட்டும் ஏழாண்டு காத்திராமல் சான்று கொடுக்கத் தனி நடைமுறை வந்தது.

நாங்கள் வாங்கவில்லை. ரேஷன் அட்டை புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அம்மா அவன் பெயரையும் வயதையும் எழுதிக் கொடுப்பார். சட்டப்படி தவறு, தெரியும். அவன் பங்குச் சர்க்கரையை ஒரு நாளும் வாங்கியதில்லை, தெரிந்த கடைக்காரர் கழித்துத்தான் போடுவார். 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது ஆதார் எண் இல்லாத பெயர் ஏறவில்லை. புது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் பின்பக்கமும் எழுதவில்லையா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய சம்பவம் உண்டு. எங்கே தொடங்குவது?

முதலில் வீட்டில் வயதானவர்களைத் தனித்தனியாக உட்கார வைத்து, ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தாமல் எழுதுங்கள். பிள்ளை தன் ஊரை, தெருவை, தன் பெயரை எப்படி உச்சரித்தது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். அது எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை, 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தச் சட்டத்தின் 8(3) பிரிவை மேற்கோள் காட்டுங்கள்: 20 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு என்றால், தர மறுப்பதற்கான காரணங்களில் பெரும்பாலானவை செல்லாது. எங்களுக்கு வந்த பதில், "பதிவேடுகள் அழிக்கப்பட்டுவிட்டன" என்ற ஒரு வரி. அதோடு விட்டுவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் ஒரு பிரதி குற்றவியல் நடுவருக்கும் போயிருக்கும். நீதிமன்ற ஆவண அறையில் நகல் மனு போடுங்கள். கடலூர், விழுப்புரம் என்று 1993-இல் பிரிவதற்கு முன் எல்லாம் தென்னாற்காடு மாவட்டம் என்பதால் இரண்டு ஊரிலும் கேட்க வேண்டும். கடற்கரைச் சம்பவம் என்றால் புதுச்சேரியிலும்.

இப்போது ஒரு குழந்தை காணாமல் போனால்?

குழந்தைகள் உதவி எண் 1098, அவசர உதவி எண் 112. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. குழந்தை காணாமல் போன எந்தப் புகாரையும் வழக்காகப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே 10 அன்று சொல்லிவிட்டது. "சாயங்காலம் பாருங்கள்" என்றால் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். எழுதியதைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். சட்டை நிறத்தைப் பெற்ற தாயிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

எனக்கு ஏதோ தெரியும், வீட்டுக்கு வந்து சொல்லலாமா?

வாருங்கள். வருவதற்கு முன் தெரிந்ததை ஒரு தாளில் எழுதி, யார் சொல்லித் தெரியும் என்பதையும் எழுதி எடுத்து வாருங்கள். முதலில் என்னிடம் பேசுங்கள். எந்த நாளும் வரலாம், மாசி மகத்தன்று மட்டும் வேண்டாம். அன்று விடியற்காலையிலிருந்து வீடு பூட்டியிருக்கும்.